தகவல் துளி: லாரியின் முகப்பில் ஒரு கொக்கி

டிரெய்லரை இழுத்துப் போவதில் பெரிய சிரமமில்லை. ரிவர்ஸில் தள்ளி, சரியான இடத்தில் நிறுத்துவதில்தான் இருக்கிறது வித்தை! லாரியின் வால் வலப்பக்கம் திரும்பினால், டிரெய்லரின் வால் இடப்பக்கம் ஓடும். சற்றே கவனம் பிசகினாலும் இரண்டும் மடங்கி முட்டிக்கொள்ளும். டிரெய்லர் குட்டையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் மடங்கும்.

அமெரிக்க ராணுவம் 1950-களிலிருந்து பயன்படுத்திய எம்-35 என்ற இரண்டரை டன் லாரியின் பின்புறம் ‘பின்டில்’ கொக்கி இருக்கும். அதன் மேல்தாடையைத் திறந்து, டிரெய்லரின் இரும்பு வளையத்தை மாட்டி, மூடிப் பூட்டிவிட வேண்டும். ஓய்வுபெற்ற இந்த லாரிகளை வாங்கி வைத்திருப்போர் சிலர், முன் பம்பரிலும் இப்படியொரு கொக்கியைப் பொருத்திக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் யூனிமாக் வண்டிகள் பலவற்றிலும் முகப்பில் இணைப்பு உண்டு.

இதனால் என்ன லாபம்? டிரெய்லர் ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்கும். கழுத்தைத் திருப்ப வேண்டாம். கொக்கி முன்சக்கரங்களுக்கும் முன்னால் இருப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பக்கவாட்டில் நகரும். டிரெய்லர் கோணலாகப் போகத் தொடங்கியதுமே திருத்திவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: கொக்கி தாங்கும் விசை முழுவதும் சேஸிஸ் சட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வெறும் பம்பர் தகட்டில் பற்றவைத்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். டிரெய்லரின் முன்பாரம் லாரியின் முன் அச்சில் இறங்குவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். முன்கொக்கி, வளாகத்துக்குள் முதல் கியரில் மெதுவாக நகர்த்த மட்டுமே. நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் பின்கொக்கிதான்!