குடல்வாழ் நுண்ணுயிர்களும் மூச்சிரைப்பு நோயும்

மூச்சிரைப்பு நோயின் வேர்களுள் ஒன்று குடலில் இருக்கிறது. இதை நம் மக்களிடத்தில் ஆராய்வதற்கான அடித்தளம் புனேயில் இடப்பட்டுள்ளது. அந்நகரின் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் யோகேஷ் ஷௌசேயின் குழுவினர் 2012இல் ஓர் அரிய ஆய்வை வெளியிட்டனர். மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ், ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு வாழும் கூட்டுக் குடும்பங்களை நாடிச் சென்று, அவர்களின் குடல் நுண்ணுயிர்களை ஒப்பிட்டனர். உணவும் இடமும் ஒன்றாயினும் அகவைக்கேற்ப அந்நுண்ணுயிர்க் கூட்டம் மாறியிருந்தது. பிற நாட்டவரைவிட இந்தியர் குடலில் பிரிவோடெல்லா, மெகாஸ்பேரா என்னும் நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பதை அக்குழு 2016இல் காட்டியது.

இவ்வேறுபாடு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றின் நார்ப்பொருளை நம்மால் செரிக்க இயலாது. பெருங்குடல் நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களாக்குகின்றன. அவ்வமிலங்கள் குருதியில் கலந்து எலும்பு மச்சையை எட்டுகின்றன. அங்கே உருவாகி நுரையீரலுக்குச் செல்லும் காவல் உயிரணுக்கள், தூசியையும் மகரந்தத்தையும் கண்டு வெகுண்டெழாமல் அடங்கிநிற்கப் பழகுகின்றன. நார் மிகுந்த உணவுண்ட எலிகளிடம் 2014இல் இது மெய்ப்பிக்கப்பட்டது.

குழந்தைப் பருவமே இதில் முதன்மையானது. பிறந்த முதல் நூறு நாள்களில் ஃபீகாலிபாக்டீரியம், லாக்னோஸ்பைரா, வெய்லோனெல்லா, ரோத்தியா ஆகிய நான்கும் குறைந்திருந்த குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு வரும் வாய்ப்பு மிகுதி என 2015இல் கனடிய ஆய்வு கண்டது. நுண்ணுயிர்க்கொல்லி குடலின் நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கக்கூடும்; ஆகவே சளிக்கெல்லாம் பச்சிளங் குழந்தைக்கு அதைக் கேட்டு வாங்கும் பெற்றோர் இதைக் கருத வேண்டும். வைரசால் வரும் சளியை அம்மருந்து தீர்ப்பதும் இல்லை.

மருத்துவத்தில் நிலைமை சிக்கலானது. கட்டுக்குள் வராத மூச்சிரைப்புடைய 420 பெரியவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், 48 வாரம் அசித்ரோமைசின் உட்கொண்டோருக்கு நோய் முற்றும் தருணங்கள் குறைந்தன. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தே இங்கே துணை! ஆனால் அது அழற்சியையும் தணிப்பது; நீண்டநாள் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் அச்சமும் உண்டு. நன்மை தரும் நுண்ணுயிர்களையே மருந்தாக்கும் முயற்சி இன்னும் மருத்துவ வழக்காகவில்லை. அதுவரை இன்ஹேலரை எவரும் கைவிடலாகாது.

வெளிநாட்டுக் குடலுக்கு ஏற்ற நுண்ணுயிர், சோளரொட்டியும் பருப்பும் உண்ணும் மராட்டியக் குழந்தைக்கும் பொருந்துமெனக் கொள்ள முடியாது. நமக்கேற்றவற்றைத் தேட இடமுண்டு: புனேயின் தேசிய நுண்ணுயிர் வளமையம் பெருந்தொகையான நுண்ணுயிர்களைப் பேணிவருகிறது. இனி வேண்டுவது, அந்நகரிலேயே பிறக்கும் குழந்தைகளின் குடலையும் மூச்சையும் பள்ளிப்பருவம்வரை பின்தொடரும் நெடிய ஆய்வு.