ஆய்வு முன்மொழிவு: தெரியாததை எழுதித் தருவது எப்படி?



ஈழத்துச் சிறுகதை பற்றிய நம்முடைய உரைகள் நிறைவுற்றபின் சில கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியது. அவர் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். ஆய்வு முன்மொழிவு ஒன்றைச் சமர்ப்பிக்கும்படி கேட்டிருக்கிறார்கள். "இன்னும் செய்யாத ஆய்வைப் பற்றி எட்டுப் பக்கம் எப்படி எழுதுவது? தெரிந்திருந்தால் நான் ஏன் ஆய்வு செய்யப் போகிறேன்?" என்று கேட்கிறார். சற்றுக் கோபத்தோடு கேட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்துக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

ஆய்வு முன்மொழிவு என்பது தெரிந்ததை எழுதிக் காட்டும் பரீட்சை விடைத்தாள் அன்று. எனக்கு இன்னது தெரியாது, இது இதுவரை எவருக்கும் சரிவரத் தெரியாது, இதை அறிவதற்கு இன்ன வழியில் இன்ன காலத்துள் முயலப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒரு விண்ணப்பம் அது. நம்முடைய மாணவர்களுக்கு இது கடினமாக இருப்பதில் வியப்பில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசில் தொடக்கம் பட்டப்படிப்பு வரை தெரிந்ததை எழுதியே புள்ளி வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். தெரியாததை ஒழுங்காக எழுதும்படி எவரும் எங்களிடம் கேட்டதில்லை.

என் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் முதன்முதலாக எழுதிய முன்மொழிவின் தலைப்பு, 'ஈழத்துத் தமிழ்ச் சிறுகதை வளர்ச்சி: ஒரு விரிவான ஆய்வு'. பதினான்கு பக்கம். அதில் சிறுகதையின் சிறப்பு இருந்தது, ஈழத்தின் சிறப்பு இருந்தது, முன்னோடிகளின் பெயர்ப்பட்டியல் இருந்தது. என் பேராசிரியர் அதை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். பதினான்கு பக்கத்திலும் ஒரே ஒரு குறிப்பு, முதற் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால்: "இதில் நீர் அறிய விரும்புவது என்ன?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வளர்ச்சியை அறிய விரும்புகிறேன் என்றேன். "வளரவில்லை என்று ஒரு முடிவு வர இடமுண்டோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் அது ஆய்வு இல்லை, வாழ்த்துரை" என்றார்.

மூன்று மாதம் கழித்துத்தான் கேள்வி ஒன்று அகப்பட்டது. 1930ஆம் ஆண்டில் நா. பொன்னையா அவர்கள் சுன்னாகத்தில் தொடங்கிய ஈழகேசரியை நேயர்கள் அறிவீர்கள். இலங்கையர்கோன் முதலான நம் முன்னோடிகள் ஈழகேசரியிலும் எழுதினார்கள், கலைமகள் போன்ற தமிழகத்து இதழ்களிலும் எழுதினார்கள். அப்படியானால், சென்னை வாசகருக்கு எழுதும்போது அவர்களுடைய பாத்திரங்கள் பேசும் மொழி மாறியதா? யாழ்ப்பாணத்துப் பேச்சு ஈழகேசரிக் கதையில் கூடுதலாகவும் கலைமகள் கதையில் குறைவாகவும் வருகிறதா? இரு இதழ்களையும் எதிரெதிரே வைத்து எண்ணிப் பார்க்கலாம். மாறியது என்றும் விடை வரலாம், மாறவில்லை என்றும் விடை வரலாம். 'இல்லை' என்ற விடையும் எழுதத் தகுந்த விடையாக இருக்கும் கேள்வியே ஆய்வுக் கேள்வி. பதினான்கு பக்கம் ஆறு பக்கமானது. ஏற்றுக்கொண்டார்கள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தலைப்பைச் சுருக்கினால் ஆய்வும் சிறுத்துப்போகும் என்ற அச்சம் பலரிடம் இருக்கிறது. 'ஒரு பன்முக நோக்கு', 'ஒரு சமூகவியல் விமர்சனப் பார்வை' என்றெல்லாம் வால் கட்டுவது அதனாலேதான். கேள்வி கூர்மையாக இருந்தால் தலைப்புக்கு வால் தேவையில்லை.

இனி முன்மொழிவின் உறுப்புகளுக்கு வருவோம். ஆய்வுப் பிரச்சினை, நோக்கம், முன்னைய ஆய்வுகளின் மீளாய்வு, ஆய்வு முறையியல், கால அட்டவணை, செலவு மதிப்பீடு, உசாத்துணைப் பட்டியல் என்று பெரும்பாலான பீடங்கள் கேட்கின்றன. பெயர்களும் பக்க அளவும் இடத்துக்கிடம் வேறுபடும். உங்கள் பீடம் தரும் படிவத்தையே பின்பற்றுங்கள். சென்ற வருடத்து மாணவரின் முன்மொழிவை நிழற்பிரதி எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அப்படி வந்த ஒன்றிலே திருகோணமலையில் களஆய்வு செய்யப்போகும் மாணவர் மன்னாருக்குப் பஸ் செலவு கேட்டிருந்தார்.

முன்னைய ஆய்வுகளின் மீளாய்வு என்ற பகுதியில் நூற்பெயர்களை அடுக்கிவிடுவது நம்மிடையே பெருவழக்கு. இன்னார் இன்ன நூலில் இன்னது கூறினார், மற்றவர் மற்றது கூறினார் என்று பட்டியல் நீளும். உண்மையில் அங்கே எழுத வேண்டியது ஒரு வாக்குவாதம். இவர்கள் இந்த எல்லைவரை வந்திருக்கிறார்கள், அதற்கு அப்பால் இந்த இடம் வெறுமையாக இருக்கிறது, அந்த வெறுமையில்தான் என் கேள்வி நிற்கிறது என்று வாசிப்பவருக்குக் காட்டவேண்டும். இன்றைய மாணவருக்கு ஒரு வசதியும் உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய இதழ்களும் நூல்களும் பெருந்தொகையாக இருக்கின்றன. நாங்கள் ஒரு பழைய இதழைத் தேடி ஊர் ஊராகப் போனோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபின் அப்படிப் போவதிலும் பயன் குறைந்துவிட்டது.

ஆய்வு முறையியல்தான் பலர் தடுக்கி விழும் இடம். 'விவரண முறை, ஒப்பீட்டு முறை, பகுப்பாய்வு முறை ஆகியன பின்பற்றப்படும்' என்ற வசனத்தை நூறு முன்மொழிவுகளிலாவது படித்திருப்பேன். அது எதையும் சொல்வதில்லை. முறையைக் கேள்விதான் தெரிவுசெய்யும். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணத்தைச் சொல்கிறேன்.

மில்மன் பரி என்ற அமெரிக்க அறிஞர் ஹோமரின் காவியங்களை ஆராய்ந்தவர். ஒரே அடைமொழிகளும் ஒரே தொடர்களும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, இவை பரம்பரையாகப் பாடிவந்தோரின் மொழி என்ற முடிவுக்கு 1928இல் வந்தார். ஏடு எழுதத் தெரியாத ஒருவர் ஆயிரக்கணக்கான அடிகளை எப்படிப் பாடுவார் என்ற கேள்வி அடுத்ததாக எழுந்தது. ஹோமரை எத்தனை தடவை புரட்டினாலும் அதற்கு விடை கிடையாது. ஆகவே 1933இல் அவர் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். அங்கே அப்போது உயிரோடிருந்த பாடகர்களின் காவியப் பாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவுசெய்தார். 1935இல் இளவயதிலேயே அவர் இறந்துபோக, மாணவர் அல்பேட் லோட் அந்தப் பணியைத் தொடர்ந்து 1960இல் நூலாக்கினார். அந்தப் பாடகர்கள் தாங்கள் சொல்லுக்குச் சொல் மாறாமல் பாடுவதாகச் சொன்னார்கள். ஒலித்தட்டோ ஒவ்வொரு தடவையும் பாட்டு மாறுவதைக் காட்டியது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் புதிதாகவே கட்டினார்கள்.

இந்தக் கேள்வியைச் சங்கச் செய்யுள்களிடம் கேட்டவர் நம்முடைய கலாநிதி க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்த அவர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போட் பதிப்பாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. சங்க இலக்கியத்தின் பெருமை யாது என்று அவர் கேட்கவில்லை. இவை பாணர் மரபின் வாய்மொழிப் பாடல்களா, பிறநாட்டு வீரயுகப் பாடல்களோடு இவை எவ்வகையில் ஒத்திருக்கின்றன என்று கேட்டார். அதனாலே அவருடைய முடிவை மறுக்கவும் முடிந்தது. 1975இல் ஜோர்ஜ் ஹாட் வெளியிட்ட நூலில், வாய்மொழி மரபைப் பின்பற்றி எழுத்தறிவுள்ள புலவர்களே இவற்றை இயற்றினர் என்று வாதிட்டார். மறுக்க இயலாத முன்மொழிவை எழுதிய எவருக்கும் இத்தகைய மரியாதை கிடைப்பதில்லை.

இப்போது நான் சொல்லப்போவது என்னைப் பற்றிய ஒரு சங்கதி. இதுவரை வானொலியில் சொன்னதில்லை.

பல வருடங்களுக்கு முன் முன்மொழிவுகளை மதிப்பிடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மட்டக்களப்பின் படுவான்கரையைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியை ஒரு முன்மொழிவு அனுப்பியிருந்தார். தம் ஊர் அண்ணாவியார் வடமோடிக் கூத்துப் பழக்கும்போது வாயிலிருந்து வரும் பாட்டும், அவரிடமுள்ள கூத்துக் கொப்பியில் எழுதியிருக்கும் பாட்டும் ஒன்றுதானா என்பதே அவருடைய கேள்வி. இதைவிட நல்ல கேள்வியை நான் அதிகம் கண்டதில்லை. பரியின் பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. களரியோரத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத் தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

நான் அதைத் திருப்பி அனுப்பினேன். மீளாய்வில் ஆறு நூல்கள் மாத்திரமே இருந்தன. கலாநிதி சி. மௌனகுரு அவர்களின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' 1998இல் வெளிவந்திருந்தது. அதைக்கூட அவர் சரியாகப் பயன்படுத்தவில்லை. உசாத்துணைப் பட்டியல் அகர வரிசையில் இல்லை. திருத்தி மீளச் சமர்ப்பிக்கவும் என்று எழுதினேன். திருத்தி அனுப்பினார். கருதுகோள் தெளிவாக இல்லை என்று இரண்டாம் முறையும் அனுப்பினேன். குறைகள் எல்லாம் உண்மையானவை. நான் அநியாயம் எதுவும் செய்ததாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் தடவை அவர் தபாலில் அனுப்பவில்லை. நேரில் வந்தார். "அண்ணாவியார் போயிட்டார் சேர்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டுகிற குரலும் அல்ல.

அவர் போனபின் பழைய பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில் கால அட்டவணை இருந்தது. அண்ணாவியாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது, அறுவடை முடிந்து இம்முறை கூத்துப் பழக்கம் தொடங்குகிறது, சட்டம் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை எல்லா இரவும் பதிவுசெய்ய வேண்டும், அடுத்த வருடம் அவர் பழக்குவாரா தெரியாது என்று மூன்று வரியில் எழுதியிருந்தார். நான் இரண்டு தடவையும் அதை வாசிக்கவில்லை. கால அட்டவணைதானே என்று தாண்டிப் போயிருந்தேன். அவரோ அங்கேதான் தம் ஆய்வின் உயிரை வைத்திருந்தார்.

பின்னர் அவர் கேள்வியை மாற்றினார். அண்ணாவியாரிடம் பழகிய மூவரைப் பாடவைத்து, அந்த மூன்று பாடத்தையும் கொப்பியோடு ஒப்பிட்டார். ஆய்வேடு நன்றாகவே அமைந்தது, பட்டமும் கிடைத்தது. ஆனால் அதன் முறையியல் அத்தியாயத்தில் ஒரு வசனம் உண்டு: 'மூலத் தகவலாளரின் குரற்பதிவு இல்லை.' காரணம் எழுதப்படவில்லை.

அதன்பின் எந்த முன்மொழிவு வந்தாலும் முதலில் கால அட்டவணையையும் தரவு எங்கே இருக்கிறது என்ற பகுதியையுமே வாசிப்பேன். எழுதுபவர்களும் அவற்றைக் கடைசி இரவு நிரப்பும் பெட்டிகளாக எண்ண வேண்டாம். உங்கள் தரவு முதியவர் ஒருவரின் நினைவிலோ கறையான் அரிக்கும் பெட்டகத்திலோ இருந்தால் அதை முதற் பக்கத்திலேயே எழுதுங்கள். தடித்த எழுத்தில் எழுதினாலும் பிழையில்லை. முன்மொழிவு ஏற்கப்படும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் எப்போதும் இல்லை. அவருடைய சம்மதத்தைக் கேட்டு, எதற்காகக் கேட்கிறீர்கள், பதிவு யாரிடம் இருக்கும் என்பதைச் சொல்லி, உங்கள் பீடத்தின் ஒழுக்கவியல் விதிகளை மேற்பார்வையாளரிடம் விசாரித்துக்கொண்டு பூர்வாங்கப் பதிவு ஒன்றைச் செய்துவிடலாம். இன்று கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும். கொப்பியைப் படம்பிடித்தால் ஒரு பிரதியை அந்த வீட்டாருக்கும் கொடுங்கள்.

செலவு மதிப்பீட்டில் உண்மையைப் போடுங்கள். பஸ் செலவு, நிழற்பிரதி, தட்டச்சு, தகவலாளர் வீட்டுக்குக் கொண்டுபோகும் தேயிலை சீனி. கடைசியாகச் சொன்னதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஆனால் அதுவும் செலவுதான்.

வவுனியா ஆசிரியை இன்னொன்றும் கேட்டிருந்தார்: தலைப்பை முதலில் எழுதுவதா, கடைசியில் எழுதுவதா? கடைசியில் எழுதுங்கள். இன்று ஒரு தபாலட்டை எடுத்து உங்கள் கேள்வியை மட்டும் ஒரே வசனத்தில் எழுதுங்கள். வசனத்தின் முடிவில் கேள்விக்குறி இருக்கட்டும். 'இல்லை' என்ற விடை அதற்கு வரக்கூடுமா என்று பாருங்கள். பின் பக்கத்தில், விடையைத் தெரிந்தவர் எவர், அல்லது விடை கிடக்கும் இடம் எது என்று குறியுங்கள். ஆளாக இருந்தால் அவருடைய வயதையும் எழுதுங்கள். நிகழ்ச்சியின் முகவரிக்கு அனுப்பிவைத்தால் அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு பேசுவோம்.