திசைகாட்டியும் பாட்டியின் நிரையும்

காலை வானொலியில் எந்தச் சாலையில் நெரிசல், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று ஊருக்கே வழி சொல்பவள் நான். கடந்த வாரம் நெகிரி செம்பிலான், பகாவ் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நானே வழிதவறி நின்றேன்.

சாகச ஓட்டத்துக்கான ஒரு வாரப் பயிற்சி அது. அதன் அடிப்படை 'ஓரியன்டீரிங்'. வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் நம்பி, வெள்ளை - ஆரஞ்சு நிறக் கொடிகளைத் தேடி ஓட வேண்டும். 1897இல் நார்வேயில் முதல் பொதுப் போட்டி நடந்த விளையாட்டு இது. 1:10,000 வரைபடத்தில் 1 சென்டிமீட்டர், தரையில் 100 மீட்டர். அந்த 100 மீட்டருக்கு எனக்கு எத்தனை காலடி என்று எண்ணியே முதல் இரண்டு நாள் போயின.

மூன்றாம் நாள் எண்ணிக்கை தவறியது. செம்பனையை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசைதான்! அரை மணி நேரம் சுற்றினேன். "தொலைந்தால் ஓடாதீங்க, நில்லுங்க" என்று பயிற்றுநர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. நின்றேன். வரைபடத்தை வடக்கு நோக்கித் திருப்பினேன். நீலக் கோடாகத் தெரிந்த ஓடையைத் தேடிச் சரிவில் இறங்கினேன். பாதை கிடைத்தது.

அன்றிரவு பாட்டியை அழைத்தேன். இதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்.

"விடியுமுன்னே இருட்டுல உங்க நிரையை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மேடு பள்ளம் காலுக்குத் தெரியும் புள்ள. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து வச்சுக்கணும், அவ்வளவுதான்."

ஏழாம் நாள் பத்துக் கொடிகளில் எட்டைத் தொட்டேன். மீதி இரண்டுக்கு மீண்டும் போக வேண்டும்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு வெளியே போனால், கைத்தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு அவர்களை வழி சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், அவரையும் அழைத்துப் போங்கள்.