கதவு மணி அடித்தால்

கொழும்பு கொம்பனித்தெருவில் டியூசன் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. எங்கள் முன்னறையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினேன். அடுத்த கிழமையே பன்னிரண்டு ஓ.எல். பிள்ளைகள் வந்து பாயில் இருந்துவிட்டார்கள். காலையில் அரச பாடசாலை, பின்னேரம் வீட்டு வகுப்பு. பதினெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்கள். அரச ஊழியர்கள் ஐந்து வருஷம் வரை சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று ஜூன் மாதம் சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு, ஷார்ஜாவில் ஒரு தனியார் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்கப் போனேன்.

இரண்டாம் மாதமே மேல்மாடித் திருச்சிக்கார அம்மா மகனோடு வந்து நின்றார். "மிஸ், இவனுக்கு அல்ஜீப்ரா ஏறவே மாட்டேங்குது. சும்மா வேணாம், மணிக்கு எண்பது திர்ஹாம் தர்றேன்." அப்போது ஒரு திர்ஹாம் கிட்டத்தட்ட நூறு ரூபாய். ஓம் என்றேன்.

மூன்றே பிள்ளைகள். ஆனாலும் கதவு மணி அடித்தால் கொப்பிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன். ஸ்பொன்சர் விசா என்பது அப்படி: நாம் அந்த நாட்டில் இருப்பதே ஒரு முதலாளியின் பெயரில்தான். வேறு இடத்தில் அனுமதியில்லாமல் காசுக்கு வேலை செய்தால் வேலையோடு விசாவும் போகலாம். ஒருநாள் சின்னவன் கேட்டான்: "மிஸ், நாம ஏன் ஒளிஞ்சுக்கணும்?" அந்தக் கிழமையோடு வகுப்பை நிறுத்தினேன். படிப்பிக்கிறதை ஒளித்துச் செய்ய என்னால் முடியவில்லை.

2023 டிசம்பரில் அமீரகத்தின் மனிதவள அமைச்சும் கல்வி அமைச்சும் தனி வகுப்புக்கென்று ஓர் அனுமதிப்பத்திரத்தை அறிவித்தபோது அழுதேவிட்டேன். இரண்டு வருஷத்துக்குச் செல்லும், கட்டணம் இல்லை. பாடசாலை ஆசிரியர்கள் மட்டுமல்ல, வேலை இல்லாதவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், 15 முதல் 18 வயது வரையான பாடசாலைப் பிள்ளைகள்கூட விண்ணப்பிக்கலாம். நடத்தை விதிகளில் கையெழுத்து வைக்க வேண்டும். ஐந்து வேலை நாட்களில் பதில் வரும். மறுத்தால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம்.

ஆனால் வேலையில் இருக்கும் ஆசிரியருக்கு இன்னொரு தாளும் வேண்டும்: பாடசாலை தரும் 'என்.ஓ.சி.', அதாவது ஆட்சேபனை இல்லை என்ற கடிதம். எனக்கு அது கிடைக்க நான்கு மாதம் ஆனது. அரசாங்கம் இலவசமாகத் திறந்த கதவின் சாவி திரும்பவும் முதலாளியின் மேசை லாச்சியில் இருந்தது. பாடசாலை நேரம் முடிந்த பிறகு ஓர் ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதை அந்த லாச்சி தீர்மானிப்பது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

கடிதம் கிடைத்த பின்னேரம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே படிப்பித்தேன்.

இப்போது வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சியின் மகள் இங்கிலாந்துக்கு ஆசிரியையாகப் போக நிற்கிறாள். அங்கே சட்டம் வேறு: ஸ்பொன்சர் விசாவில் இருப்பவர், முதல் வேலை தொடரும்வரை, அதன் நேரத்துக்கு வெளியே, தகுதியான இன்னொரு வேலையில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை செய்யலாம். "அப்ப பயமில்லையே பெரியம்மா?" என்றாள். வேலை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினேன். இரண்டாவது வேலை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. "கையெழுத்து வைக்க முதல் எழுதிக் கேள், எழுத்திலேயே பதில் வாங்கு" என்றேன். அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பினாள்.