ஏலேன்னு கூப்பிடலாமா?

உடலும் சொல்லும் – 7

சென்ற வாரக் கட்டுரை வெளியான மறுநாள் காலையில் ஒரு தாய் போன் செய்தார். நெல்லை வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர்.

"அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளையாத்தான் பெத்தேன். இருவத்திமூணு வருசமா ஏட்டின்னுதான் கூப்புட்டு வளத்தேன். இப்ப என்னைய ஏலேன்னு கூப்புடும்மான்னு சொல்லுதான். நாக்கு வரமாட்டேங்கு. கூப்புடலாமா, கூடாதா? நீங்கதான இந்தச் சொல்லுகளப் பத்தி எழுதுதிய."

நெல்லைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கேள்வியின் கனத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே ஆண்பிள்ளையைக் கூப்பிட ஏலே. பெண்பிள்ளையைக் கூப்பிட ஏட்டி, ஏளா. பெயரைச் சொல்லாமலே நாள் முழுக்க ஒரு பிள்ளையோடு பேசிவிடலாம், ஆனால் பாலைச் சொல்லாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த வீட்டில் காலையில் காப்பி குடிக்கக் கூப்பிடுவதிலிருந்தே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

ஆனால் அந்த அம்மா கவனிக்காத ஒன்று எனக்குக் கேட்டது. "சொல்லுதான்" என்றார். "சொல்லுதா" என்று சொல்லவில்லை. ஏலே என்பதற்குத்தான் நாக்கு வரவில்லை. வினைமுற்று ஏற்கெனவே மாறிவிட்டிருந்தது.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெயரும் வேலை பார்க்கும் இடமும் வரக்கூடாது, மற்றதை எழுதுங்கள் என்றார் மகன். பங்குனி வெயில், ஓட்டு வீடு. தடித்த சட்டை போட்டிருந்தார். உள்ளே மார்பைச் சுற்றி கிரேப் பேண்டேஜ். சுளுக்குக்குக் காலில் சுற்றுவோமே, அதேதான். காலை ஏழு மணிக்குச் சுற்றினால் ராத்திரிதான் அவிழ்ப்பாராம். ஆறு மாதமாக விலாவில் வலி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வலிக்காக நகரின் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தபோது ஆதாரில் இருக்கும் பெண் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் எழுந்ததும் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஒருவர் சிரித்திருக்கிறார். டாக்டரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். விலா வலி இன்னும் இருக்கிறது.

பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஹார்மோனிலிருந்து தொடங்குவதாகத்தான் எண்ணம். அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்ட பிறகு, சொல்லிலிருந்துதான் தொடங்க முடியும் என்று தோன்றுகிறது.

நம் இலக்கணக்காரர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ எடுத்துக்கொண்டவர்கள். தொல்காப்பியக் கிளவியாக்கம் தொடக்கத்திலேயே பிறந்த பாலிலிருந்து விலகி வாழ்கிறவர்களைப் பேசுகிறது. இவர்களுக்கெனத் தனி ஈறு கிடையாது, உயர்திணைக்குரிய ஈறுகளையே பெறுவார்கள் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் தெளிவாக வகுத்தார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலாகவும் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி. அதே நூற்பா இவர்களை அஃறிணையாகவும் சொல்லலாம் என்று முடிவதை மறைக்க விரும்பவில்லை. அந்த இழிவும் நம் மரபில்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பால் என்று தீர்மானிக்க அவர் பார்த்தது பிறந்த உடலை அல்ல, அந்த மனிதரின் விருப்பத்தை. வண்ணார்பேட்டை அம்மாவின் "சொல்லுதான்" நன்னூலின்படி பிழையற்ற தமிழ்.

இடையில் வந்த சொற்கள்தான் நம்மைக் கெடுத்தன. தெருவில் எறியப்பட்ட அந்த எண்ணையும் மற்ற வசைகளையும் இங்கே எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் தெரியும். கூவாகத்து அரவானை ஒட்டி வந்த அரவாணி என்ற சொல் அவற்றிலிருந்து ஓர் ஏற்றம். 2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு இந்தியாவிலேயே முதலாவதாக நலவாரியம் அமைத்தபோது அதன் பெயரிலும் அரவாணிகள் என்றே இருந்தது. பிறகு திருநங்கை என்ற சொல் அரசு ஆணைகளிலும் பத்திரிகைகளிலும் நிலைத்தது. பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்கிறவருக்குத் திருநம்பி என்ற சொல் வந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு நம்பி புதிய சொல் இல்லை, திருக்குறுங்குடிப் பெருமாளின் பெயரே நம்பிதான். ஆனாலும் திருநங்கையைத் தெரிந்த அளவுக்குத் திருநம்பியை ஊருக்குத் தெரியாது. திருநங்கையருக்கு ஜமாத் என்ற சமூக அமைப்பு உண்டு. குரு, மகள் என்று உறவுகள் உண்டு. திருநம்பிகளுக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் பெரும்பாலும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே இருந்து, வீட்டுக்குள்ளேயே நசுங்குகிறார்கள்.

சொற்கள் மாறியதில் நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு தந்தார். ஒருவரையொருவர் நேசித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு இளம்பெண்களின் வழக்கு அது. தனக்கே இதில் முன்முடிவுகள் இருந்தன என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுப் புரிந்துகொண்டு அவர் தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இவர்களைக் கண்ணியமாகக் குறிக்க ஒரு சொற்களஞ்சியம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ், ஓரினம், தி நியூஸ் மினிட் ஆகியவை சேர்ந்து 2022 பிப்ரவரியில் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு தன் அரசிதழில் சொற்களஞ்சியத்தை அறிவித்தது. பால்புதுமையர், திருநர், தன்பாலீர்ப்பு, ஊடுபால் போன்ற சொற்கள் இப்படித்தான் செய்தித்தாள்களின் வழக்குக்கு வந்தன.

இவற்றில் ஒரு வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். நான் யார் என்பது பாலின அடையாளம். யார் மீது எனக்கு நாட்டம் என்பது பாலீர்ப்பு. முதலாவதில் திருநங்கை, திருநம்பி வருகிறார்கள். இரண்டாவதில் தன்பாலீர்ப்பாளர்கள் வருகிறார்கள். திருநம்பி ஒருவருக்குப் பெண் மீது நாட்டம் இருக்கலாம், ஆண் மீதும் இருக்கலாம். அது வேறு கேள்வி. ஊடுபால் என்பது பிறப்பிலேயே உறுப்பிலோ குரோமோசோமிலோ ஹார்மோனிலோ ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடல். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் அந்த அம்மா என்னிடம், "ஸ்கேன் எடுத்தா தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டார். தெரியாது. அவர் மகன் அப்படி இருப்பது உடல்நோய் இல்லை. மனநோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில், பாலின முரண்பாட்டை மனநோய்கள் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்தில் வைத்துவிட்டார்கள். நோய் இல்லையென்றால் சிகிச்சை எதற்கு என்ற கேள்வி வரும். கர்ப்பம் நோய் இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரி வேண்டியிருக்கிறதே.

பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சையைச் செய்தித்தாள்கள் பாலின மாற்று அறுவை சிகிச்சை என்று எழுதுகின்றன. மாற்று என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. என்னிடம் பேசியவர்களில் ஒருவர்கூடத் தான் மாறியதாகச் சொல்லவில்லை. திருநங்கையர் தங்களுக்குள் அதை நிர்வாணம் என்பார்கள். மருத்துவமனைக் கதவுகள் மூடியிருந்த காலத்தில் தாயம்மா என்று அழைக்கப்பட்டவர்கள் கையால் அது நடந்தது. மயக்க மருந்து கிடையாது. பிழைத்தவர்கள் 40 நாள் இருட்டறையில் கிடந்து எழுந்தார்கள், பிழைக்காதவர்களுக்குக் கணக்கு இல்லை. நலவாரியம் வந்ததை ஒட்டிய காலத்தில்தான் தமிழக அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கியது. பின்னாளில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கென்றே தனிப் பிரிவுகள் வந்தன.

ஆனால் இந்தச் சிகிச்சை என்றாலே கத்திதான் என்று நினைப்பது பெரிய தவறு. முதல் படி பேச்சு. மனநல மருத்துவரோ உளவியலாளரோ உட்கார்ந்து கேட்பது. பிறகு பெயர், உடை, முடி. பலர் இத்தோடு நிறைவடைகிறார்கள். இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஹார்மோன் தருகிறார். திருநம்பிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. சில மாதங்களில் குரல் உடையும், மாதவிடாய் பெரும்பாலும் நிற்கும், தாடி மீசை அரும்ப ஆண்டுகள் ஆகலாம். உடைந்த குரல் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் கெட்டிப்படாமல் இருக்கிறதா, கொழுப்பு எப்படி என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதவிடாய் நின்றதால் கரு தங்காது என்றும் நினைக்கக் கூடாது.

திருநங்கையருக்கு ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்தும். இங்கேதான் நம் ஊர் மெடிக்கல் ஷாப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டு, கருத்தடை மாத்திரைகளை அட்டை அட்டையாக வாங்கி விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் இருப்பது பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ராடயால். அதிக அளவில் போனால் காலிலும் நுரையீரலிலும் ரத்தக் கட்டி உருவாகும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் எஸ்ட்ராடயாலைத் தருகிறார்கள். பெயர் ஒன்றுபோல் இருக்கிறது, உடலில் செய்வது வேறு. தயவுசெய்து மாத்திரை அட்டையை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

சிறுவர்களுக்கு என்ன செய்வது என்பதில் உலகெங்கும் வாதம் நடக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் வந்த மருத்துவர் ஹிலரி காஸ் அறிக்கைக்குப் பின் பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அந்த வாதம் நடக்கட்டும். வண்ணார்பேட்டையில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் 23 வயது மனிதர், சம்பாதிக்கிறவர்.

இந்தத் தாமிரபரணிச் சீமையிலேயே நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் கோவிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் தாலி கட்டித் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். அந்தத் தம்பதியர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். இங்கும் பிரச்சினை ஒரு சொல்தான் என்பதைக் கவனியுங்கள்.

அந்தத் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. ஊடுபால் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே "சரிசெய்கிறோம்" என்று அறுவை செய்வதைத் தடுக்கச் சொன்னது. பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்றது. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி இத்தகைய அறுவைகளைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது. மால்டா நாடு 2015-ல் செய்ததை இந்தியாவில் முதலில் செய்தது தமிழ்நாடு.

ஒரு பக்கம் வருடக்கணக்காகக் கேட்டும் கிடைக்காதவர்கள். மறு பக்கம் கேட்கவே வாயில்லாத பச்சைக் குழந்தைக்கு அவசர அவசரமாகக் கத்தி. இரண்டு இடத்திலும் நாம் கேட்க மறந்தது அந்த உடலுக்கு உரியவரைத்தான்.

அந்த அம்மா முதலில் மகனைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு கோடாங்கிக்காரரிடம். பிறகு, கல்யாணம் முடித்துவைத்தால் சரியாகிவிடும் என்று சொன்ன ஒரு டாக்டரிடம். இதைச் சொல்லும்போது அழுதார். மாற்று சிகிச்சை என்ற பெயரில் ஒருவரின் அடையாளத்தையோ ஈர்ப்பையோ மாற்ற முயல்வது மருத்துவர்களின் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. அந்த டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தாய்க்குத் தெரியாததில் குற்றமில்லை.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலினத்தை அவரே தீர்மானிக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அடையாளச் சான்று தரும் வேலையை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தது. வண்ணார்பேட்டையிலிருந்து கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நடக்கிற தூரம்தான். அந்த நடையைத் தனியாக நடக்கத் தைரியம் வரவில்லை என்றார் மகன். அடுத்த வாரம் சான்று, ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

இப்போது அந்த அம்மாவுக்கு. கூப்பிடலாம். முதல் நாள் நாக்கு தடுக்கும், பத்தாம் நாள் தடுக்காது. கிரேப் பேண்டேஜை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அது மூச்சு விடும்போது விரியாமல் விலாவை இறுக்கும். இதற்கென்றே தைத்த பைண்டர் இருக்கிறது, அதையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். விலா வலிக்கு மறுபடி டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த முறை நீங்களும் கூடப் போங்கள். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்கும்போது அவன் எந்தப் பெயரைச் சொல்கிறானோ அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வந்திருப்பது யார் என்று கேட்டால், அவன் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள்: "எம் மவன்."