ஒரு அச்சு, ஒரே சிலை: சுவாமிமலையில் ‘காப்பி’ ஏன் கிடையாது?

கும்பகோணம் பக்கத்துல இருக்கும் சுவாமிமலையில், ஒரு ஸ்தபதியிடம் “இதே சிலை இன்னொண்ணு வேணும்” என்று கேட்டுப் பாருங்கள். முதலிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

ஏன்? தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் கலந்து முதலில் சிலையை மெழுகில் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, சூடாக்குவார்கள். மெழுகு உருகித் துளை வழியாக வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். சோழர் கால நடராஜர் வெண்கலச் சிலைகளும் மெழுகு வார்ப்புதான்.

ரிஸ்க் எங்கே? அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் அது நீராவியாகி, உலோகம் தெறிக்கும். காற்று சிக்கினால் விரல் முழுசா நிரம்பாது. உள்ளே என்ன ஆச்சுன்னு பார்க்க, ஆறிய பிறகு அச்சை உடைத்தாக வேண்டும். அப்போது கையில் மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. பெரிய பிசகு என்றால் மறுபடியும் மெழுகிலிருந்து ஆரம்பம். நன்றாக வந்திருந்தால், உளி எடுத்து நுணுக்க வேலை.

அதனால், “ஒரே அச்சுல வார்த்த பத்து சிலை” என்று யாராவது காட்டினால், அது கையால் மெழுகு பிடித்த வேலை இல்லை.