உங்களுக்குத் தெரியுமா? கேமராவைத் தூக்கிய பெண்கள், வகுப்பறைக்கு வந்த கதை!

டெல்லி ஜாமியா மில்லியாவில் வெகுஜனத் தொடர்பியல் படித்த 6 பெண்கள். 1986-ல் ஒன்றுகூடி ஆரம்பித்தார்கள் ஒரு வீடியோ குழு. பெயர் 'மீடியாஸ்டார்ம்'. கேமரா, ஒலிப்பதிவு, எடிட்டிங், இயக்கம்... எல்லாமே பெண்கள்தான்! தனியார் செய்தி சேனல் ஒன்றுகூட இல்லாத காலம் அது. டி.வி. என்றாலே தூர்தர்ஷன்தான்!

முதல் படத்துக்கு எதைத் தொட்டார்கள் தெரியுமா? நாடே பற்றி எரிந்த ஷா பானு விவகாரத்தை! கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டு இந்தூர் கோர்ட் படியேறியவர் ஷா பானு. வழக்கு நடக்கும்போதே கணவர் விவாகரத்து செய்துவிட்டார். மாஜிஸ்திரேட் கொடுத்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் கூட்டிக் கொடுத்தது 179 ரூபாய் 20 பைசா. 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அடுத்த வருடமே அந்தத் தீர்ப்பை முடக்க நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது! அத்தனை ரகளையும் 179 ரூபாய் 20 பைசாவுக்கு!

அடுத்த படம் 1988-ல். ராஜஸ்தானின் தேவ்ராலா கிராமத்தில் ரூப் கன்வர் கணவரின் சிதையில் எரிந்துபோன கொடுமையைப் பற்றியது. ரூப் கன்வருக்கு வயது 18. சம்பவம் நடந்த தேதி 1987 செப்டம்பர் 4. ஆமாம், 1987-ல்தான்! அச்சுப்பிழை இல்லை!

ஊடகத்தில் சாதிக்கும் பெண்களுக்குத் தரப்படும் சமேலி தேவி ஜெயின் விருது இந்தக் குழுவையும் தேடி வந்தது.

சரி, அந்த 6 பேரும் பிறகு என்ன ஆனார்கள்? 5 பேர் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள்! ஷோஹினி கோஷ், சபீனா கடியோக், சபீனா கித்வாய் மூவரும் படித்த ஜாமியாவுக்கே பாடம் நடத்தப் போனார்கள். ரஞ்சனி மஜும்தாரும் ஷிகா ஜிங்கனும் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.). படம் எடுத்தவர்களே படங்களை ஆராய்ச்சி செய்ய உட்கார்ந்துவிட்டார்கள்!

சபீனா கித்வாய் ஊடகங்களில் முஸ்லிம் பெண்களை எப்படிக் காட்டினார்கள் என்று ஆராய்ந்தார். எடுத்துக்கொண்ட காலம் 1985 முதல் 2001 வரை. ஆரம்ப வருடத்தைக் கவனித்தீர்களா? ஷா பானு தீர்ப்பு வந்த அதே வருடம்!

ஷோஹினி கோஷ் பேராசிரியர் ஆன பிறகும் கேமராவை விடவில்லை. 2002-ல் கொல்கத்தா சோனாகாச்சிக்குப் போய், பாலியல் தொழிலாளர்கள் தங்கள் உரிமைக்காகச் சங்கம் வைத்துப் போராடுவதைப் படமாக்கினார். 'ஃபயர்' ஞாபகம் இருக்கிறதா? ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்து, 1998-ல் தியேட்டர்களையே அடித்து நொறுக்கவைத்த படம். அந்த ஒரே ஒரு படத்தைப் பற்றி இவர் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்!

மேலே ஜே.என்.யு. என்று சொன்னேனே, அதை ஒட்டி நம்ம ஊர்ச் சேதி ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. எழுத்தாளர் அம்பை டாக்டர் பட்டம் வாங்கியது அங்கேதான். தலைப்பு தமிழ் இலக்கியம் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1956 புரட்சி தோற்றபின் ஹங்கேரியிலிருந்து ஓடிவந்த அகதிகளிடம் அமெரிக்கா எப்படி நடந்துகொண்டது என்பது! அதே அம்பைதான் 1988-ல் மும்பையில் பெண்களுக்கென்றே 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர்!

இப்போது சபீனா கடியோக். இவர் கண்டெடுத்தது புதையல்! வதோதராவில் தனியாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பார்சிப் பாட்டி. பெயர் ஹோமாய் வியரவாலா. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்! 1998-ல் இவரும் இடம்பெற்ற படம் ஒன்றை எடுத்தார் சபீனா. 2006-ல் புத்தகம். 2010-ல் டெல்லியில் பெரிய கண்காட்சி!

அந்தப் பாட்டியின் கதையைக் கேளுங்கள். பிறந்தது 1913. கணவரை முதலில் பார்த்தது 13 வயதில். முதல் கார் நம்பர் டி.எல்.டி. 13. வைத்துக்கொண்ட புனைபெயர் 'டால்டா 13'! டால்டா வனஸ்பதி டப்பாவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை!

ஆரம்பத்தில் ஹோமாய் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாகின!

1947-ல் செங்கோட்டையில் கொடியேறியதைப் படம் பிடித்தார். விமான நிலையத்தில் 'படம் எடுக்கக் கூடாது' என்று எழுதிய பலகை. பக்கத்திலேயே நேரு. விடுவாரா? கிளிக்! தலாய் லாமா 1956-ல் நாதுலா கணவாய் வழியாக இந்தியாவுக்குள் வந்தாரே, அங்கேயும் ஹோமாய் ஆஜர். இத்தனையும் புடவையில்! காந்தி சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பிய ஹோமாய், பாதியில் திரும்பிவிட்டார். அந்த ஒரு படம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை!

1970-ல் ஒரே மூச்சில் தொழிலை விட்டார். காரணம்? புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தை பிடிக்கவில்லையாம்! பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோது பாட்டிக்கு வயது 97!

மீடியாஸ்டார்ம் பெண்களை உருவாக்கிய ஜாமியாவின் வெகுஜனத் தொடர்பியல் மையம் பிறந்தது 1982-ல். தூக்கி நிறுத்தக் கைகொடுத்தது கனடா நாட்டின் யார்க் பல்கலைக்கழகம்! இந்த ஜாமியா மையத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே மும்பைக்குக் கிளம்பிய ஒரு மாணவர்... ஷாருக் கான்!

முடித்த ஒருவரையும் சொல்ல வேண்டுமே. பர்கா தத்! 1999 கார்கில் போரில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே நின்று செய்தி சொன்னவர். ஆனால் குடும்பத்தில் போர்முனையைப் பார்த்த முதல் ஆள் அவர் இல்லை. அவருடைய அம்மா பிரபா தத்!

1965 இந்தியா-பாகிஸ்தான் போர். 'என்னை அனுப்புங்கள்' என்று 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியரிடம் கேட்டார் பிரபா. பெண்ணை எப்படி அனுப்புவது? முடியாது என்றுவிட்டார்கள். சரி, லீவு கொடுங்கள், அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். லீவு கிடைத்தது. நேரே கேம்கரண் போர்முனைக்குப் போய் நின்றுவிட்டார்! அங்கிருந்து செய்தி அனுப்ப, மறுத்த பத்திரிகையே அதைப் பிரசுரித்தது! மகள் கார்கில் போனது சரியாக 34 வருடம் கழித்து!

இதே பிரபா தத் இன்னொரு வேலையும் செய்தார். திகார் சிறையில் தூக்குக்குக் காத்திருந்த கொலைக் குற்றவாளிகள் ரங்கா, பில்லா இருவரையும் பேட்டி எடுக்க வேண்டும் என்றார். சிறை நிர்வாகம் கையை விரித்தது. அவ்வளவுதானே என்று நீங்களும் நானும் வீட்டுக்குப் போயிருப்போம். பிரபா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்! 1981 நவம்பர் 7 அன்று தீர்ப்பு. கைதிகள் சம்மதித்தால் பேட்டி எடுக்கலாம்! 3 மாதம்கூட ஆகவில்லை, 1982 ஜனவரி 31 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

இதழியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஊடகச் சட்டப் பாடத்தில் இந்த வழக்கு வரும். பெயர் என்ன தெரியுமா? 'பிரபா தத் எதிர் இந்திய ஒன்றியம்'!